பல ஊர்களில் இருக்கும் லினக்ஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து கவனிப்பது எப்படி?

நாலைந்து இடங்களில் பத்துப் பதினைந்து லினக்ஸ் கணினிகள் இருந்தால், முதலில் விட வேண்டிய பழக்கம் ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினியில் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக நுழைந்து கையால் திருத்துவது. ஒன்றில் ஒரு வரியை மாற்றுவோம், இன்னொன்றில் மறந்துவிடுவோம், ஆறு மாதம் கழித்து எது ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

முதலில் பாதை போடுங்கள். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து நேராகப் போக முடியாது, அதுதான் வெளியே வந்து நம்மோடு இணைய வேண்டும். அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் மேல் கணினிகளுக்கு இடையே பூட்டிய தனிப் பாதை போடும் மென்பொருள்) போதும். 2020-இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.6 முதல் அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நிலையான பொது ஐபி உள்ள ஒரு சர்வரை நடுவில் வைத்து, மற்ற எல்லாவற்றிலும் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பு அறாமல் இருக்க அவ்வப்போது சின்னச் செய்தி அனுப்பும் அமைப்பு) மதிப்பை 25 விநாடி என்று கொடுங்கள். இதை விட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் ரவுட்டர் இணைப்பை மறந்துவிடும், நீங்கள் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் பதில் வராது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு வைத்து எஸ்எஸ்எச் நுழைவு சரியாக வேலை செய்த பிறகு பாஸ்வேர்டு நுழைவை மூடிவிடுங்கள்.

அப்புறம் அன்சிபிள், அதாவது எழுதி வைத்த அமைப்புகளைப் பல கணினிகளில் ஒரே மாதிரி போடும் கருவி. எனக்கு இது பிடிக்கக் காரணம், அந்தப் பக்கம் தனியாக எந்த ஏஜென்டும் (எப்போதும் ஓடும் துணை நிரல்) வேண்டாம், எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். கணினிகளின் பட்டியலை ஊர்வாரியாகவும் வேலைவாரியாகவும் பிரித்து எழுதி, பிளேபுக்குகளோடு (என்ன செய்ய வேண்டும் என்று அன்சிபிளுக்கு எழுதும் கோப்புகள்) சேர்த்து கிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) வையுங்கள். ஓட்டுவதற்கு முன் செக் (உண்மையில் மாற்றாமல் ஒத்திகை), டிஃப் (மாறும் வரிகளைக் காட்டுவது) என்ற ஆப்ஷன்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தால் எந்தக் கோப்பில் எந்த வரி மாறப்போகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு லிமிட் ஆப்ஷன் போட்டு ஒரே ஒரு கணினியில் ஓட்டி, ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். அடிக்கடி அணைந்து கிடக்கும் மடிக்கணினிகளுக்கு இது சரிவராது. அவற்றில் அன்சிபிள் புல் கட்டளையை சிஸ்டம்டி டைமரில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) வைத்தால், இயங்கும்போது தாங்களே கிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு அப்டேட்டுகளை டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் அவற்றைத் தானாகவே போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸிடம் விட்டுவிடலாம்.

தூரத்துக் கணினியின் ஃபயர்வாலை (எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) தொடும்போது மட்டும் ரொம்பக் கவனம். மாற்றுவதற்கு முன்பே, ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போடும் ஒரு வேலையை, குறித்த நேரத்தில் ஒருமுறை ஓட்டும் அட் (at) கட்டளையில் வைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு, திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் அந்த வேலையை நீக்கிவிடலாம், முடியாவிட்டால் ஐந்து நிமிடம் காத்திருந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.