மயிலாடும்பாறைக்குச் செல்வோர் கவனத்திற்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் தொகரப்பள்ளிக்கு அருகிலுள்ள மயிலாடும்பாறையில், புதிய கற்கால மக்கள் வாழ்ந்த மலைப்பகுதி, பாறை ஓவியங்கள், பெருங்கற்கால ஈமக்காடு (பெரிய கற்களை வைத்து இறந்தோரைப் புதைத்த இடம்) ஆகிய மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். தமிழகத்தில் ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழக்கத்தில் இருந்தது என்று 2022இல் அறிவிக்கப்பட்டதற்கு, இங்கு கிடைத்த மாதிரிகளின் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பே அடிப்படை.

வெயில் ஏறினால் பாறை கொதிக்கும் என்பதால் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கி, முதலில் மேலே உள்ளவற்றைப் பார்த்துவிட்டு, இறங்கிய பின் ஈமக்காட்டில் புதைகுழிகளைச் சுற்றியுள்ள கல்வட்டங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். மழைக்காலத்திற்குப் பின் புல் உயரமாக வளர்ந்து கற்களை மறைத்துவிடும். ஆகவே புல் காய்ந்துவிடும் பிப்ரவரி மாதம் ஏற்றது. குடிநீரும் மூடிய காலணியும் கட்டாயம். ஆடு மேய்ப்பவர்களிடம் வழி கேட்பது கைபேசி வரைபடத்தைவிட நம்பகமானது.

ஓவியங்களைத் தெளிவாகப் படமெடுப்பதற்காகத் தண்ணீர் தெளிப்பது நிறத்தை அழித்துவிடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். கருப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று காலில் தட்டுப்பட்டாலும், அது கிடக்கும் இடமே ஆய்வாளருக்குச் சான்று என்பதால், எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.