கொலைகாரனைக் காட்டாமல் ஒரு ஸ்லாஷர் குறும்படம்

காட்டுக்குள் ஒரு மரவீடு, லீவுக்கு வந்த நாலு பேர், ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டக் கையில் கத்தியோடு ஒருத்தன். இதுதான் ஸ்லாஷர் படம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் கையில் காசில்லாமல் படமெடுக்கக் கிளம்பிய பலரும் இந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். செட் வேண்டாம், ஸ்டார் வேண்டாம், இருட்டுக்கு வாடகை கிடையாது. ஐந்து நிமிடக் குறும்படத்துக்கும் அதே கணக்குதான்.

புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையாக முகமூடி வாங்கப் போவார்கள். வேண்டாம். நம் கொலைகாரன் கடைசி ஷாட் வரை முகம் காட்டப் போவதில்லை.

படி 1: இடம்

கதைக்கு முன் இடத்தைப் பாருங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்தவரின் சவுக்குத் தோப்பு போதும். வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் ஓடினால், எந்த மரத்துக்குப் பின்னால் யார் என்று பார்க்கிறவர் கண் தானாகத் தேடும். முதல் நாளே நடந்து பார்த்து, கல், முள், குழி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவும் ஓடப் போகிறது.

படி 2: கதை

ஒரு பக்கம். வசனம் ஐந்து வரியைத் தாண்டினால் வெட்டுங்கள்.

படி 3: பகலில் ராத்திரி

இரவில் போனில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கே எடுங்கள். சூரியன் நடிகைக்குப் பின்னால் இருக்கட்டும். தலைமுடி ஓரத்தில் விழும் வெளிச்சம் நிலா மாதிரி தெரியும். போன் கேமராவின் ப்ரோ மோடில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, இரண்டு ஸ்டாப் (-2) குறைத்து, நிறச் சாயலை மாற்றும் வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள், நீலம் ஏறிவிடும். வானம் மட்டும் ஃபிரேமுக்குள் வரக் கூடாது. வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படி 4: கேமராதான் கொலைகாரன்

'தி ஈவில் டெட்' படத்தை இயக்குநர் சாம் ரெய்மியும் நண்பர்களும் அமெரிக்காவின் டென்னசியில் மாரிஸ்டவுன் பக்கத்துக் காட்டில் எடுத்தார்கள். அது பேய்ப்படம்தான், ஆனால் அதிலுள்ள வித்தை நமக்கும் உதவும். வழுக்கிக்கொண்டு போகிற ஷாட்டுக்கான கருவி வாங்க வசதியில்லை. நீளமான ஒரு பலகையின் நடுவில் கேமராவைத் திருகிப் பொருத்தினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் காட்டுக்குள் ஓடினார்கள். ஒருவர் காலடியின் குலுக்கல் பலகை நீளத்தில் கரைந்துவிடும். கேமரா தரையை ஒட்டி, ஆள் நடையும் இல்லாமல் மிருக ஓட்டமும் இல்லாமல், வேறேதோ ஒன்றாக விரைந்து வரும்.

நீங்கள் ஐந்தடிப் பலகை எடுத்து, நடுவில் போன் ஹோல்டரைத் திருகி, வைட் லென்ஸில் முழங்கால் உயரத்தில் பிடித்து ஓடுங்கள். நடிகை திரும்பிப் பார்க்கும்போது நேராக லென்ஸைப் பார்க்கட்டும். இந்த ஓர் இடத்தில் அது தப்பில்லை.

படி 5: சத்தம்

உழைப்பில் பாதியை இங்கே போடுங்கள். 1980-இல் வந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' படத்தில் கொலைகாரர் யார் என்று கடைசிவரை காட்ட முடியாது. இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி ஒரு விதி வைத்துக்கொண்டார்: கொலைகாரர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இசை. மைக்கில் தன் குரலிலேயே 'கி கி கி, மா மா மா' என்று கிசுகிசுத்து எதிரொலி சேர்த்தார். அந்தச் சத்தம் கேட்டாலே ஆள் வந்துவிட்டதாக நமக்குத் தெரிந்துவிடும்.

உங்களுக்கும் அப்படி ஒரு சத்தம் வேண்டும். செருப்பு சருகில் உரசுவதாக இருக்கலாம், சாவிக்கொத்தாகவும் இருக்கலாம். அதை இரண்டு முறை கேட்க வைத்து, மூன்றாவது முறை வரவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுங்கள். கத்தி இறங்கும் சத்தத்துக்கு முட்டைக்கோஸ், எலும்பு முறியும் சத்தத்துக்கு முற்றாத முருங்கைக்காய், இரண்டையும் வீட்டில் ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவு செய்யலாம். தோப்பின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் ஷாட்டுகளுக்கு நடுவே நிரப்ப அது இல்லாமல் நான் ஒரு ராத்திரி முழுக்கத் திண்டாடியிருக்கிறேன்.

படி 6: ரத்தம்

ஒரே ஒரு இடத்தில் போதும். அதையும் கடைசியாக எடுங்கள், இருப்பது ஒரே சட்டை. ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு தம்ளர் சர்க்கரை போட்டுக் கையில் ஒட்டும் பதம் வரை காய்ச்சி ஆறவிடுங்கள். சிவப்பு ஃபுட் கலர், அரை ஸ்பூன் கோகோ பவுடர், கொஞ்சம் பால் பவுடர் சேருங்கள். பால் பவுடர் இல்லையென்றால் ரோஸ் மில்க் எசென்ஸ் மாதிரி கண்ணாடியாகத் தெரியும். கண்ணில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், போனில் எடுத்துப் பாருங்கள். கத்தியைக் கெட்டி அட்டையில் வெட்டி வெள்ளி பெயின்ட் அடியுங்கள். நிஜக் கத்தி தோப்புக்குள்ளேயே வர வேண்டாம்.

ரத்தம் பீறிட வேண்டுமென்றால் மெல்லிய டியூபும் ஒரு சிரிஞ்சும் போதும். அதே 'ஃப்ரைடே' படத்தில் நடிகர் கெவின் பேக்கனின் கழுத்தில் அம்பு துளைக்கும் காட்சி வரும். அவர் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து தலையை மட்டும் ஓட்டை வழியாக மேலே நீட்டியிருந்தார். கழுத்தும் மார்பும் மேக்கப் கலைஞர் டாம் சாவினி செய்த பொம்மை. நடுவில் பம்ப்பிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார். ரத்தம் கொப்பளித்து வந்தது, அதுவே படத்தில் நின்றது. உங்கள் டியூப் அடைத்துக்கொண்டால் பதறாதீர்கள், அப்படியே ஊதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மரத்தையும் மண்ணையும் கழுவுங்கள். சர்க்கரைப் பாகு, எறும்பு மொய்த்துவிடும். அப்புறம், விடியற்காலையில் தோப்புக்கு வருகிற ஆளுக்கு நீங்கள் படம் எடுத்தது தெரியாது.