போர் நினைவுச் சின்னத்தில் அஞ்சலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைச் சிலர் கல்லறை என்றே எழுதிவிடுகிறார்கள். போர் வீரர்களின் கல்லறைகள் இருப்பது நந்தம்பாக்கத்தில். சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒரே இடத்தில் பேணுவதற்காக 1952இல் அமைந்த அக்கல்லறைத் தோட்டத்தில், முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. எனவே, பெயர் தேடி வருபவரைக் கோட்டைப் பக்கம் அனுப்பி அலைக்கழிக்க வேண்டாம்.

கோட்டையருகே உள்ள சின்னத்தின் ஆங்கிலப் பெயரான 'விக்டரி வார் மெமோரியல்' என்பதில் 'வெற்றி' என்ற சொல் இருப்பதால், அது ஒரே ஒரு போரின் வெற்றித் தூண் என்று கொள்வதும் தவறு. முதல் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றிக்காக எழுப்பப்பட்டது என்பது உண்மையே. ஆனால் பின்னர் இரண்டாம் உலகப் போரில் மாண்ட சென்னை மாகாணத்தவரும், 1948 காஷ்மீர்ப் போர், 1962 சீனப் போர், பாகிஸ்தானுடனான போர்கள் ஆகியவற்றில் உயிர்நீத்தவர்களும் அதே சின்னத்தில் நினைவுகூரப்பட்டனர்.

நாள்களும் அடிக்கடி குழம்புகின்றன. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். டிசம்பர் 16 என்பது 1971ஆம் ஆண்டு பாகிஸ்தானுடனான போரின் வெற்றி நாள். டிசம்பர் 7 கொடி நாள், அதாவது படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் நாள். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளாகும். அதை ராணுவ நிகழ்வோடு சேர்த்து எழுதலாகாது.

ஆனால் மிகுதியாகப் பிழை நேர்வது மௌன அஞ்சலியில்தான். மலர் வளையம் வைத்தபின் பியூகிள் என்னும் ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசை ஒலிக்கும், அதன்பின் மௌனம், மௌனம் முடிந்ததற்கு அடையாளமாக 'ரவுஸ்' என்ற மற்றொரு பியூகிள் இசை என்பதே வழக்கமான வரிசையாக இருக்க, முதல் இசை ஓய்ந்ததுமே நிகழ்ச்சி முடிந்ததென்று எண்ணிக் கைதட்டுகிறவர்கள் உண்டு. பள்ளி, கல்லூரி விழாக்களில் இரண்டு நிமிடம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு நாற்பதாவது விநாடியிலேயே நன்றி சொல்லிவிடுவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்தால் போதும். துக்க நிகழ்வுதானே என்று அமைப்பாளர்கள் தாமாகவே தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதும் கூடாது. அதற்கு அரசின் ஆணை வேண்டும்.