ஒரு தாளும் பென்சிலும் போதும்: ஐக்கிய சோமாலி காங்கிரஸ் உடைந்ததைப் புரிந்துகொள்ள

சோமாலிய உள்நாட்டுப் போரைப் படிக்க உட்காரும் பலர் இரண்டாம் பக்கத்திலேயே பெயர்களில் சிக்கிக்கொள்கிறார்கள். கல்லூரியில் பன்னாட்டு அரசியல் நடத்துகிறேன். என் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வழி இது. ஒரு முழுத் தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் அமைப்பை மட்டும் பாருங்கள்: ஐக்கிய சோமாலி காங்கிரஸ், அதிபர் சியாத் பாரேயின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட அமைப்பு.

முதலில் குல மரம். மேலே ஹாவியே என்று எழுதுங்கள். 1989 ஜனவரியில் ரோமில் இந்த அமைப்பைத் தொடங்கியவர்கள் அந்தக் குலத்தார். அதன் கீழே இரண்டு கிளைகள் மட்டும்: அப்கால், ஹபர் கிதிர். எல்லாக் கிளைகளையும் எழுதப் போனால் தாள்தான் நிறையும். ஓரமாக தாரோத் குலம், அதில் மரேஹான் கிளை, அங்கே அதிபர் சியாத் பாரே.

அடுத்து ஆட்கள். அப்காலின் கீழே அலி மஹ்தி முகமது, தலைநகர் மொகதிஷுவில் ஹோட்டல் நடத்திய வியாபாரி. ஹபர் கிதிரின் கீழே சாத் என்று ஓர் உட்கிளை போட்டு, அதில் ஜெனரல் முகமது ஃபாரா ஐதீத். ஐதீதை சியாத் பாரே பல ஆண்டு சிறையில் வைத்திருந்தார். பிறகு ஐதீத் தில்லியில் சோமாலியத் தூதராக இருந்தார் (இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்). அங்கிருந்து விலகி, எத்தியோப்பியாவில் இருந்து இந்த அமைப்பின் படையை நடத்தினார்.

மூன்றாவது வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பங்கு போட என்ன இருந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள்: அதிபர் பதவி, துறைமுகம், விமான நிலையம், தலைநகரம். மொகதிஷுவும் சுற்றுப்புறமும் அப்கால்களின் பழைய மண். ஹபர் கிதிர்களின் ஊர்கள் முதுக் பக்கம், நாட்டின் நடுவில். ஐதீதின் ஆட்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பது ஒரு தரப்பின் பேச்சு. நாங்கள் சண்டை போட்டு வாங்கிய நகரம் என்பது மறு தரப்பின் பேச்சு.

இப்போது தேதிகள். 1991 ஜனவரிக் கடைசியில் சியாத் பாரே தப்பி ஓடினார். ஓரிரு நாளிலேயே, ஐதீதைக் கேட்காமல், நகரப் பிரமுகர்கள் அலி மஹ்தியை இடைக்கால அதிபர் ஆக்கினார்கள். ஜூலையில் அமைப்பின் மாநாடு ஐதீதைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதே மாதம் பக்கத்து நாடான ஜிபூத்தியில் சோமாலியக் குழுக்கள் கூடிய மாநாடு அலி மஹ்தியையே அதிபர் என்று உறுதி செய்தது. கட்சி ஒருவரிடம், நாற்காலி இன்னொருவரிடம். நவம்பரில் தொடங்கிய சண்டை 1992 மார்ச் வரை நடந்தது. நகரின் வடக்கு அலி மஹ்தியிடமும் தெற்கு ஐதீதிடமும் போனது. மனித உரிமை அமைப்புகளின் கணக்குப்படி சுமார் 14,000 பேர் செத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அப்கால், ஹபர் கிதிர் என்ற கோடு 1990-இலும் இருந்ததே, அப்போது ஏன் பெரிய சண்டை இல்லை? இரு தரப்புக்கும் பொது எதிரியாக சியாத் பாரே இருந்தார், அவ்வளவுதான். அதனால் மரத்தின் ஒவ்வொரு பிரிவின் மேலும் அது சண்டையாக மாறிய ஆண்டைக் குறியுங்கள். "குலம்தான் காரணம்" என்று முடிக்கும் விடைத்தாளுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

சரி, சாதாரண மனிதன் ஏன் குலத்தின் பின்னால் போனான்? சோமாலியாவில் ஒருவர் கொலை செய்தால் அவருடைய உறவுக்குழு மொத்தமும் சேர்ந்து ஈடு கட்டும். ஆணுக்கு 100 ஒட்டகம் என்பது வழக்கு. போலீசும் கோர்ட்டும் இல்லாமல் போனபோது உயிருக்கு உத்தரவாதம் தர அந்தக் குழுதான் மிஞ்சியது. சண்டையில் விருப்பம் இல்லாதவனுக்கும் ஒதுங்கி நிற்க இடம் இருக்கவில்லை.

கடைசியாக உஸ்மான் அலி அத்தோவை மரத்தில் சேருங்கள். ஐதீதுக்குப் பணபலமாக இருந்த வியாபாரி. 1995-இல் இருவரும் பிரிந்தார்கள். 1996 ஜூலையில் மொகதிஷு சண்டையில் குண்டடி பட்ட ஐதீத் ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். எதிரணியில் அத்தோவின் ஆட்களும் இருந்தார்கள். அத்தோவும் அதே சாத் உட்கிளை. இந்தப் பிரிவுக்கு மரத்தில் கோடு தேடாதீர்கள். பங்கு போட இருந்தவற்றின் பட்டியலுக்குப் போய், அதில் வாழைப்பழ ஏற்றுமதி வசூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.