நாற்பதை நனைக்காதீர்கள்: மைக்ரோஸ்கோப் படத்தில் தவிர்க்க வேண்டியவை

போன ஞாயிறு பல்லடத்திலிருந்து ஒரு தம்பி மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு சோமனூருக்கு வந்தார். "ஏனுங்க, கேமராவுல ஃபோகஸே வரமாட்டேங்குதுங்க. சென்சார் போயிருச்சுங்களா?" கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி. அதை வைத்து, நாற்பது மடங்கு பெரிதாக்கும் 40 எக்ஸ் லென்ஸின் முனையைப் பார்த்தேன். பளபளவென்று எண்ணெய். பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை.

தூசி, கைரேகை பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

எண்ணெயோடு 40-க்குத் திரும்புவது

100 எக்ஸ் லென்ஸுக்கும், ஸ்லைடில் இருப்பதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, எண்ணெயும் அதையொட்டியே இருப்பதால் வெளிச்சம் காற்றில் சிதறாமல் லென்ஸுக்குள் போகிறது. குளத்துத் தண்ணீரில் கிடக்கும் டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓட்டில் ஊசி குத்தியதுபோல் வரிசையாகப் புள்ளிகள் தெரிவது அந்தச் சொட்டால்தான்.

அப்புறம்தான் கூத்து. கொஞ்சம் அகலமாகப் பார்க்கலாமே என்று 40-க்குத் திருப்புவோம். அது காற்றுக்கான லென்ஸ். ஸ்லைடுக்கு மேல் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. எண்ணெயை உழுதுகொண்டே போகும். நான் முதலில் கேமராவை மைக்ரோஸ்கோப்போடு இணைக்கும் அடாப்டரை மாற்றினேன். பிறகு கேமராவையே மாற்றினேன். புதுக் கேமராவிலும் அதே மூடுபனி! அதற்குள் எண்ணெய் முன்கண்ணாடியின் ஓரம் வழியாக உள்ளே ஊறி, லென்ஸும் போய்விட்டது.

40-இல் எடுக்க வேண்டியதையெல்லாம் முதலிலேயே எடுத்துவிடுங்கள். லென்ஸ்கள் வட்டமாகச் சுழலும். பெரும்பாலான கருவிகளில் 100-க்கு அந்தப் பக்கம் எண்ணெயில் படாத 4 எக்ஸ் இருக்கும். அந்த வழியாகத் திருப்புங்கள். அன்றன்றே லென்ஸ் பேப்பரால் துடையுங்கள், வேட்டி முனையால் அல்ல. பழைய சீடர்வுட் எண்ணெய் காய்ந்தால் பிசினாக இறுகிவிடும்.

கவர் ஸ்லிப் இல்லாமல் 40

வேண்டாம். லென்ஸிலேயே 0.17 என்று போட்டிருக்கும். கவர் ஸ்லிப்பின் மில்லிமீட்டர் கனம் அது. அந்தக் கனத்துக்கென்றே செய்த லென்ஸ், அது இல்லாமல் படம் மங்கும்.

மஞ்சள் தூளில் சிலுவை தேடுவது

ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலரைசர் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்தால், அவற்றின் நடுவே மாவுமணிகள் கறுப்புச் சிலுவையோடு மின்னும். அதற்குப் பச்சை மஞ்சளைச் சீவுங்கள். ஈரோட்டுச் சந்தைக்கு வரும் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டது. மாவு குழைந்து சிலுவை போயிருக்கும்.

ஐரிஸை ஒரேயடியாக மூடுவது

ஐரிஸ் என்பது ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் துவாரம். அதை மூடினால் படம் அழுத்தமாகத் தெரியும். இல்லாத கோடுகளும் சேர்ந்தே தெரியும்.

தறி ஓடும்போது எடுப்பது

பக்கத்துக் குடோனில் விசைத்தறி ஓடினால் 40-இல் டயாட்டம் கும்மி அடிக்கும். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் விளக்கும் அணைந்துவிடும். ஒரு பேட்டரி எல்.இ.டி. வாங்கி வைத்தேன். சரி என்று நானே ஒப்புக்கொள்ளும் படங்களில் பாதி மின்வெட்டில் எடுத்தவை.