பள்ளி நடத்தும் அறநிறுவனத்தில் நிர்வாகிகளின் ஊதியத்தை ஆண்டறிக்கையில் கண்டறிவது எப்படி?

சிங்கப்பூரில் ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அறநிறுவனத்திற்கு நன்கொடை அளிப்பவருக்கு, 2026ஆம் ஆண்டு இறுதிவரை, கொடுத்த தொகையைப்போல் இரண்டரை மடங்கு வரிக் கழிவு கிடைக்கிறது. அந்தக் கழிவின் பாரத்தை வரி செலுத்தும் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், அத்தகைய நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கு எவ்வளவு ஊதியம் தரப்படுகிறது என்று கேட்பது பொதுமக்களின் நியாயமான உரிமை என நான் உறுதியாக நம்புகிறேன். விடை பெரும்பாலும் பொதுவெளியிலேயே இருக்கிறது. தேட வேண்டிய இடம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: பள்ளியை நடத்துவது யார் என்று பாருங்கள்

அரசாங்கப் பள்ளியின் முதல்வர் கல்வி அமைச்சின் ஊழியர். அவருடைய தனிப்பட்ட ஊதியம் வெளியிடப்படுவதில்லை. அதைக் கேட்டுப் பெற வழிசெய்யும் தகவலுரிமைச் சட்டமும் இங்கு இல்லை. தனியார் நிறுவனமாக இயங்கும் பள்ளிகளிலும் பொதுவாக இதே நிலைதான். ஆனால் சிறப்புக் கல்விப் பள்ளிகளைச் சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. பாலர் பள்ளிகள் பலவற்றையும் அறநிறுவனங்களே நடத்துகின்றன. இனி வரும் படிகள் இவற்றுக்கே பொருந்தும்.

இரண்டாம் படி: அறநிறுவன இணையவாசலில் தேடுங்கள்

அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் அமைப்பின் பெயரையோ யூஇஎன் எனப்படும் அதன் பதிவு எண்ணையோ இட்டுத் தேடுங்கள். பள்ளியின் பெயர் கிடைக்காவிட்டால், அதை நடத்தும் தாய் அமைப்பின் பெயரில் தேட வேண்டும். பழகிப் பார்க்க விரும்புவோர் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் தொடங்கலாம். நம்மில் பலரின் மாத ஊதியத்திலிருந்து 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதல் 30 வெள்ளி வரை அதற்குச் செல்வதால், அதன் அறிக்கையைப் படித்து வைத்திருப்பதும் நல்லதே. ஆண்டறிக்கை, நிதியறிக்கை, நிர்வாக நெறிமுறையை அமைப்பு பின்பற்றுகிறதா என்று காட்டும் நிர்வாக மதிப்பீட்டுப் பட்டியல் ஆகிய மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஊதிய வரம்பைப் படியுங்கள்

2005ஆம் ஆண்டு ஜூலையில், தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 600,000 வெள்ளி பெற்றுவந்தது நீதிமன்றத்தில் வெளிப்பட்டு, நன்கொடையாளர்களிடையே பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. அதன் பின்னர் 2007இல் வந்த, அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறைத் தொகுப்பு இன்றுவரை பலமுறை திருத்தப்பட்டுள்ளது. அதன்படி, ஆண்டுக்கு 100,000 வெள்ளிக்கு மேல் பெறும் ஊழியர்களில் மிக அதிக ஊதியம் பெறும் மூவரின் ஊதியத்தை, 100,000 வெள்ளி இடைவெளி கொண்ட வரம்புகளில் அமைப்பு வெளியிட வேண்டும். அந்த அளவுக்கு எவரும் பெறவில்லையெனில், அதையும் சொல்ல வேண்டும்.

ஆண்டறிக்கையின் நிர்வாகப் பகுதியில் ஒரு சிறு அட்டவணையாக இது இருக்கும். ‘100,001 முதல் 200,000 வரை: இருவர்’ என்று இருந்தால், அவ்விருவரும் சேர்ந்து பெறுவது ஏறத்தாழ 200,000 வெள்ளியாகவும் இருக்கலாம், 400,000 வெள்ளியாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் இலாபநோக்கற்ற அமைப்புகள் வரித்துறைக்குத் தரும் 990 படிவத்தில் உயர் நிர்வாகிகளின் பெயரும் தொகையும் தெளிவாக இருக்கும். இங்கோ பெயர் குறிப்பிடப்பட வேண்டியதில்லை. ஆகவே அட்டவணையில் முதலிடத்தில் இருப்பவர் பள்ளி முதல்வர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பள்ளியோடு பராமரிப்பு நிலையம், வேலைப் பயிற்சி எனப் பல சேவைகளை நடத்தும் அமைப்பில், முதலிடத்தில் இருப்பவர் தலைமை நிர்வாகியாகவோ நிதிப் பொறுப்பாளராகவோ இருக்கக்கூடும். தவறான ஊகத்தை வாட்ஸ்அப்பில் பரப்பினால் ஒரு நல்ல முதல்வரின் பெயர் கெடும்.

அதே பக்கத்தில், தலைமை நிர்வாகியின் அல்லது நிர்வாகக் குழுவினரின் நெருங்கிய உறவினர் எவரேனும் 50,000 வெள்ளிக்கு மேல் ஊதியம் பெறுகிறாரா என்ற குறிப்பையும் தேடுங்கள். என் கருத்தில், உயர்ந்த ஊதியத்தைவிட இதுவே கூர்ந்து கவனிக்க வேண்டியது.

நான்காம் படி: நிதியறிக்கையோடு ஒப்பிடுங்கள்

நிதியறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் ‘முக்கிய நிர்வாகப் பணியாளர்கள்’ என்ற தலைப்பில் ஊதிய விவரம் இருக்கும். மசேநிதிச் (மத்திய சேம நிதி) சந்தா அதில் சேர்க்கப்பட்டுள்ளதா, எத்தனை பேரைக் குறிக்கிறது என்று பாருங்கள். பிறகு அமைப்பின் மொத்த ஊழியர் செலவோடு வைத்துப் பார்த்து, அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளை அருகருகே வையுங்கள். ஒரே ஆண்டின் எண்ணைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. திறமையான முதல்வருக்குத் தகுந்த ஊதியம் தருவது பிள்ளைகளுக்கும் நன்மையே என்பதால், எண் பெரிதாக இருப்பது மட்டுமே குற்றமாகாது.

ஐந்தாம் படி: விவரம் இல்லையெனில் எழுதிக் கேளுங்கள்

நெறிமுறையைப் பின்பற்றாத அமைப்பு அதற்கான காரணத்தை மதிப்பீட்டுப் பட்டியலில் விளக்க வேண்டும். முதலில் அதைப் படியுங்கள். விளக்கம் போதாதெனில், நிர்வாகக் குழுத் தலைவருக்குப் பணிவாக மின்னஞ்சல் எழுதி, எந்த ஆண்டறிக்கையில் எந்த விவரம் காணப்படவில்லை என்பதைப் பக்க எண்ணுடன் குறிப்பிடுங்கள். தம் ஊதியத்தைத் தாமே தீர்மானிப்பதில் எவரும் பங்கேற்கக் கூடாது என்று நெறிமுறை சொல்வதால், தலைமை நிர்வாகியின் ஊதியத்தை முடிவுசெய்யும் குழு எது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்கலாம்.