எல்லை தாண்டும் சாலையும் தண்டவாளமும்: அண்டை நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் லாஃபென்பர்க் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று ஜெர்மனியைச் சேர்ந்தது, மற்றது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. அவற்றை இணைக்கும் புதிய பாலத்தின் கட்டுமானத்தின்போது, 2003-இல், இரு கரைகளின் மட்டமும் 54 சென்டிமீட்டர் வேறுபடுவது தெரியவந்தது. ஜெர்மனி வடகடலின் மட்டத்தையும் சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலின் மட்டத்தையும் கொண்டு உயரத்தைக் கணக்கிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான 27 சென்டிமீட்டர் வேறுபாட்டைப் பொறியாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்; ஆனால் அதைச் சரிசெய்யும்போது கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறிவிட்டதால் பிழை இரட்டிப்பானது. அண்டை நாடுகளின் தரநிலைகள் வேறுபடுவது இயல்புதான். வேறுபாடு தெரியும் என்பதாலேயே அது தீர்ந்துவிட்டதாகக் கருதுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, கையெழுத்தான ஒப்பந்தத்தையே திறந்த பாதையாக எண்ணுவது. வங்காளதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும், ஒருவர் வாகனம் மற்றவர் நாட்டுக்குள் செல்ல வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. எந்த வழித்தடம், எவ்வளவு கட்டணம், விபத்து நேர்ந்தால் எந்த நாட்டுக் காப்பீடு என்பவற்றையெல்லாம் அதன் பின்னர் வகுக்கப்படும் நெறிமுறைகளுக்கு விட்டுவிட்டார்கள். லாரி ஓட்டுநருக்குத் தேவையானவையோ அவைதாம். அவ்வாண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாகத் திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்குச் சரக்கு லாரி ஒன்று வெள்ளோட்டமாகச் சென்றது. வங்காளதேசத்துக்குள் நுழையாமல் வடக்கே சிலிகுரியைச் சுற்றிச் செல்வதைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிச்சமாயிற்று. ஆயினும் எல்லையில் அதிகாரிகள் காத்திருந்து அனுப்பிவைக்கும் ஒரு வண்டியைக்கொண்டு அன்றாடப் போக்குவரத்தை மதிப்பிடுவது, மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பார்த்துத் தெருவின் நெரிசலைக் கணக்கிடுவதைப் போன்றது. அந்த ஒப்பந்தத்திற்குப் பிறகும் பெட்ராபோல் எல்லையைக் கடக்கும் இந்திய லாரிகள் பேனாபோல் முனையத்தில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவதும், அதே மூட்டைகள் மீண்டும் வங்காளதேச லாரிகளில் ஏறுவதும்தான் வழக்கமாக இருந்துவந்தன.

சிறிய நாட்டின் அச்சத்தைத் தடங்கல் என்று ஒதுக்குவது மற்றொரு தவறு. பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை 2016-இல் இந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. வெளிநாட்டு வாகனங்கள் பெருகினால் மலைநாட்டின் சுற்றுச்சூழலும் உள்ளூர் லாரிக்காரர்களின் பிழைப்பும் என்னவாகும் என்ற கேள்வி அங்கே வலுவாக எழுந்தது. மற்ற மூன்று நாடுகளும் முதலில் நடைமுறைப்படுத்திக்கொள்ளலாம் என்று 2017-இல் பூட்டான் கூறிவிட்டது. என் பார்வையில், ஆண்டுக்கு எத்தனை வாகனங்கள் வரலாம் என்ற உச்சவரம்பை முதலிலேயே பேசியிருந்தால், இந்த விலகலைத் தவிர்த்திருக்க இடமிருந்தது.

பயணிகளின் கடவுச்சீட்டு, சுங்கச் சோதனையை எங்கே நடத்துவது என்பதைச் சில்லறை விஷயமாகக் கருதவும் கூடாது. 2008-இல் தொடங்கிய கொல்கத்தா–டாக்கா மைத்ரி விரைவு ரயிலின் பயணிகள், பெட்டி படுக்கையுடன் இந்தியப் பக்கத்துக் கேதே நிலையத்தில் ஒருமுறையும் எல்லைக்கு அப்பால் தர்சனாவில் மறுமுறையும் இறங்கி வரிசையில் நின்றார்கள். 2017 நவம்பரில் சோதனையைப் புறப்படும் நிலையத்திற்கும் சேரும் நிலையத்திற்கும் மாற்றியதும் பயண நேரம் குறைந்தது. அதற்காகப் புதிய தண்டவாளம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.

தண்டவாளத்தின் அகலம் வேறாக இருக்கும் இடத்தில் இத்தகைய எளிய தீர்வு கிடையாது. இந்தியாவில் அகலப் பாதையும், வங்காளதேசத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையுமே மிகுதி என்பதால், 2023 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அகர்தலா–அகௌரா ரயில் இணைப்பின் வங்காளதேசப் பகுதி இரு அகலங்களுக்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டது. லாவோசில் வேறு நிலை. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட சீன–லாவோஸ் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். தாய்லாந்திலிருந்து மேகோங் ஆற்றைக் கடந்து வரும் பாதையின் அகலமோ 1,000 மில்லிமீட்டர். சரக்குப் பெட்டகங்களை ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கான முனையம், வியன்டியானை அடுத்த தானலெங்கில், பாதை திறந்த அடுத்த ஆண்டில்தான் செயல்படத் தொடங்கியது.